பிள்ளைகளுக்குக் குரோஷா சொல்லிக்கொடுக்கும்போது வரும் கோளாறுகளும் அவற்றுக்கான கைவைத்தியமும்

கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற குரோஷாவில் தப்பு கண்ணில் படுகிற இடம் ஒன்று, அது நடந்த இடம் வேறொன்று. பத்தாவது வரியில் துணி முக்கோணமாகச் சுருங்கி நிற்கும், தப்பு மூன்றாவது வரியிலேயே நடந்திருக்கும். ஊசி உள்ளே போகவில்லை என்று பிள்ளை கண்ணைக் கசக்கும், காரணம் போன வரியில் அது நூலை இழுத்த இழுப்பு. அதனால் துணியைப் பார்த்து “என்ன இப்படிப் பண்ணி வச்சிருக்க” என்று கேட்கிறதுக்கு முன்னால் பிள்ளையின் கை என்ன செய்கிறது என்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே பிடிபடும்.

பெரிய லீவுக்குத் திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கிற அம்மாக்கள், மாமிகள், டியூஷன் டீச்சர்கள் இவர்களுக்காக எழுதுகிறேன். பிள்ளைகள் எப்படிப் புகார் சொல்வார்களோ அப்படியே தலைப்பு வைத்திருக்கிறேன், உங்கள் வீட்டில் எந்தக் குரல் கேட்கிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று: ஊசியைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்காதீர்கள். உங்களுக்கென்று தனி ஊசி, தனி நூல் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அதே தையலைப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் வாங்கி நாலு தையல் போட்டுக் கொடுத்தால் அந்த நாலு தையலும் நன்றாக இருக்கும், பிள்ளைக்கு ஒன்றும் வந்திருக்காது.

“மாமி, எனக்கு ஒண்ணுமே தெரியல்ல”

இது பிள்ளையின் கோளாறு இல்லை, சாமான்களின் கோளாறு. சின்னக் கைக்குச் சின்ன ஊசி என்று நினைத்து 2 மி.மீ. ஊசியை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். தொடக்கத்துக்கு 5 மி.மீ. அலுமினிய ஊசிதான் சரி, 5.5 கிடைத்தாலும் பரவாயில்லை. நூல் வெளிர் நிறமாக, ஒரே நிறமாக, வழவழப்பாக இருக்க வேண்டும். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், பெரியவர்களுக்கே அதில் ஓட்டை தெரியாது. ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும் நூல், ஜிகினா கலந்த நூல், நிறம் மாறி மாறி வரும் நூல் எல்லாம் கடையில் பார்க்க ஆசையாக இருக்கும், பிள்ளையும் அதைத்தான் கேட்கும், கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஃபேன்சி ஸ்டோரில் சாதாரணமாகக் கிடைக்கும் உல்லன் நூல் மெல்லிசாகத்தான் இருக்கும். அதை இரட்டையாகச் சேர்த்துப் பின்னச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, கொக்கி ஒரு இழையைப் பிடித்து இன்னொன்றை விட்டுவிடும். மெல்லிசு நூல்தான் கிடைத்தது என்றால் ஊசியை 3.5 அல்லது 4 மி.மீ. என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் லேஸ் தெரிந்த ஒரு பாட்டி இருப்பார், பெட்டியிலிருந்து பழைய ஸ்டீல் ஊசியையும் 40-ம் நம்பர் காட்டன் நூலையும் ஆசையாக எடுத்துக் கொடுப்பார். நம்பர் கூடக் கூட நூல் மெலியும், 40 என்பது ஏறக்குறைய தையல் நூல் கனம்தான், நூலைப் பிடிக்கிற ஊசி வாய் அரிசி முனையளவு இருக்கும். எட்டு வயசுப் பிள்ளைக்கு அது தண்டனை. லேஸ் இங்கே பழைய தொழில்தான், 1820-களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது, முளகுமூடு கன்னியர் மடத்து லேஸுக்கும் எம்பிராய்டரிக்கும் தனிப் பேர் உண்டு. ஆனால் அந்த நாகர்கோவில் லேஸ் தலையணை மேல் குண்டூசி குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டையில் சுற்றிய நூல்களை ஒன்றின் மேல் ஒன்று மாற்றிப் போட்டு எடுப்பது, கொக்கி ஊசியால் பின்னுகிற வேலையே இல்லை அது. ஆக “நம்ம குடும்பத்துக் கைவேலை, பிள்ளைக்குத் தன்னால வரும்” என்கிற கணக்கு இங்கே செல்லாது. பாட்டியிடம் ஊசியை வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டு 5 மி.மீ. வாங்கிவிடுங்கள்.

“முடிச்சு உருவிட்டுப் போகுது”

முதல் சுருக்கு முடிச்சு. இதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நுனி நூலை வளையத்துக்குள் முழுசாக இழுத்து எடுத்துவிட்டால் ஒன்று சாதாரண முடிச்சு விழும், இல்லாவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது. வளையத்துக்குள்ளிருந்து நூலை மடித்து இன்னொரு வளையமாக எடுக்க வேண்டும். இரண்டு தடவை காட்டியும் வரவில்லை என்றால் நீங்களே போட்டுக் கொடுங்கள். முடிச்சு போடத் தெரியாமலே ஒரு மாதம் ஜோராகப் பின்னுகிற பிள்ளைகள் உண்டு, ஒரு நாள் தானாகப் போடும்.

ஆறு, ஏழு வயசுப் பிள்ளை என்றால் ஊசியே வேண்டாம். ஆட்காட்டி விரலையே கொக்கியாக வைத்து விரல் செயின் பின்னட்டும். கண்ணிக்குள்ளிருந்து கண்ணி எடுக்கிறது என்றால் என்ன என்று விரலுக்குப் புரிந்துவிட்டால் பிறகு ஊசி பிடிக்கிறது மட்டும்தான் பாக்கி.

“ஊசி உள்ள போவ மாட்டேங்கு”

அதிகமாகக் கேட்கிற புகார் இது. நூறு பேரில் பாதிப்பேர் குரோஷாவை விடுவது இந்த இடத்தில்தான் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

ஊசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாய், அதற்குக் கீழே ஒல்லியான கழுத்து, அதற்கும் கீழே முழுக் கனமுள்ள தண்டு. 5 மி.மீ. என்று போட்டிருக்கிறதே, அது தண்டின் கனம். கண்ணி தண்டின் மேல் உட்கார்ந்தால்தான் 5 மி.மீ. கண்ணி. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால் நூலைக் கொக்கியில் வாங்கி, கண்ணிக்குள் இழுத்து, அப்படியே கழுத்திலேயே விட்டுவிட்டு அடுத்த தையலுக்குப் போய்விடுகிறார்கள். கழுத்தில் உருவான கண்ணி கழுத்தளவுதான் இருக்கும், அடுத்த வரியில் அதற்குள் ஊசியின் தலை எப்படிப் போகும்? கண்ணி விழுந்ததும் அதைத் தண்டு வரைக்கும் தள்ளிவிட்டு அப்புறம் அடுத்தது என்று பழக்குங்கள். “தண்டுக்குத் தள்ளு, அப்புறம் அடுத்தது” என்று நான் வாயால் சொல்லிக்கொண்டே இருப்பேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் அதைக் கேலியாகத் திருப்பிச் சொல்லும், சொல்லட்டும், அதோடு கையும் செய்யும்.

அப்படியும் இறுகுகிறது என்றால் இடது கையைப் பாருங்கள். சுண்டுவிரலில் நூலை மூன்று நாலு சுற்று சுற்றி வைத்திருக்கும். ஒரு சுற்று போதும், அதுவும் வேண்டாம் என்று விரல்களுக்கு நடுவில் வெறுமனே விட்டாலும் சரி, நூல் தாராளமாக ஓட வேண்டும். அடிச்செயின், அதாவது முதலில் போடுகிற சங்கிலி, மட்டும் இறுகுகிறது, மற்ற வரிகள் சரியாக வருகின்றன என்றால் அடிச்செயினை 6 மி.மீ. ஊசியால் போட்டுவிட்டு முதல் வரியிலிருந்து 5-க்கு மாறச் சொல்லுங்கள்.

கடற்கரை ஊர்ப் பிள்ளைகளிடம் இந்த இறுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கும். கொளச்சல், முட்டம், குறும்பனைப் பக்கம் அப்பாவும் தாத்தாவும் வலை பின்னுகிறதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு நூலையும் கண்ணியையும் கண்டால் பயமே கிடையாது, கை வேகமாகப் போகும், ஆனால் ஒவ்வொரு தையல் முடிந்ததும் ஒரு வெட்டு வெட்டி இழுத்து இறுக்கும். வலையில் அது சரிதான், அங்கே ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு உண்டு, முடிச்சு கடித்து நிற்காவிட்டால் வலையே உதவாது. குரோஷாவில் முடிச்சே இல்லை, ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி தொங்குகிறது, அவ்வளவுதான். இதை வாயால் சொன்னால் அந்தப் பிள்ளை நம்பாது. அது பின்னின செயினிலிருந்தே ஊசியை உருவச் சொல்லி, நூலை இழுக்கச் சொல்லுங்கள். சரசரவென்று மொத்தமும் பிரிந்து வெறும் நூலாகக் கையில் நிற்கும். “ஏ, ஒரு முடிச்சுகூட இல்லையே” என்று அதுவே சொல்லும். சொன்ன பிறகு இழுப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

“கொக்கி மாட்டிக்கிடுது”

கண்ணிக்குள்ளிருந்து ஊசியை வெளியே எடுக்கும்போது வாய் மேல்நோக்கி இருக்கிறது, அது மேல் இழையில் போய் இடறுகிறது. நூலை வாங்கும்போது வாய் உங்களைப் பார்க்கட்டும், இழுக்கும்போது கீழே பார்க்கத் திரும்பட்டும். மணிக்கட்டின் சின்னத் திருப்பம்தான். இதைப் பேசிப் புரியவைப்பது கஷ்டம், ஒரு சொட்டு நெயில் பாலிஷ் போதும். தண்டில் பெருவிரல் உட்காரும் தட்டையான இடம் இருக்கிறதே, பெரும்பாலும் வாயும் அதே பக்கம்தான் இருக்கும், அங்கே ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். “இழுக்கும்போது பொட்டு தரையைப் பார்க்கணும் மக்களே” என்றால் முடிந்தது.

நூல் இழை பிரிந்து பாதி மட்டும் மாட்டுகிறது என்றால் முறுக்கு குறைந்த நூல், அல்லது பிள்ளை ஊசியைக் கண்ணிக்கு நடுவில் விடாமல் இழையிலேயே குத்துகிறது. நூலை மாற்றிப் பாருங்கள், மாற்றியும் பிரிந்தால் குத்துகிற இடத்தைக் கவனியுங்கள்.

“எண்ணினா ஒவ்வொரு தடவையும் வேற வேற வருது”

செயினை நேரே பார்த்தால் ஜடை மாதிரி இரண்டு இழை சேர்ந்து சேர்ந்து போகும். ஒரு ஜோடி ஒரு கண்ணி. ஊசியில் தொங்குகிற கண்ணி கணக்கில்லை, முதலில் போட்ட முடிச்சும் கணக்கில்லை. இந்த இரண்டில் ஒன்றைப் பிள்ளை ஒரு தடவை சேர்த்து எண்ணும், அடுத்த தடவை விட்டு எண்ணும், அதுதான் குழப்பம். செயின் முறுக்கிக்கொண்டு கிடந்தாலும் எண்ணிக்கை தப்பும், மேசையில் நேராகப் படுக்கவைத்துப் பிறகு எண்ணச் சொல்லுங்கள்.

கணக்கு இது. 15 சிங்கிள் (ஊசியில் நூல் சுற்றாமல் போடும் குட்டைத் தையல்) வேண்டுமென்றால் 16 செயின், ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் முதல் தையல். 15 டபுள் (ஊசியில் ஒரு சுற்று சுற்றிப் போடும் நெட்டைத் தையல்) வேண்டுமென்றால் 17 செயின், நாலாவதில் முதல் தையல், விட்டுப்போன மூன்று செயினும் சேர்ந்து ஒரு டபுளுக்குச் சமம். பிள்ளைகளுக்கு 15-க்கு மேல் போகாதீர்கள். நீளச் செயின் போட்டால் முதல் வரி முடிவதற்குள் ஆர்வம் முடிந்துவிடும்.

“துணி சுருங்கிக்கிட்டே போகுது”

சதுரமாகத் தொடங்கியது முக்கோணமாக முடிகிறது. வரிக்கு ஒரு தையல் காணாமல் போகிறது, எங்கே போகிறது என்று தேடினால் எப்போதும் ஓரத்தில்தான்.

சிங்கிளில் வரி முடிந்ததும் ஒரு செயின் போட்டுத் துணியைத் திருப்புகிறோம். திருப்பியதும் அந்தச் செயினின் அடியிலேயே, அதோடு ஒட்டிக்கொண்டு, ஒரு தையல் தலை, அதாவது போன வரித் தையலின் மேலே தெரிகிற ஜோடி இழை, இருக்கும். அதுதான் அடுத்த வரியின் முதல் இடம். ஆனால் அது செயின் இழுப்பில் கொஞ்சம் நசுங்கி, முடிச்சு மாதிரித் தெரியும், பிள்ளை அதைத் தாண்டி, நன்றாக வாய் திறந்திருக்கும் இரண்டாவது தலையில் போய்க் குத்தும். போயிற்று ஒன்று. வரியின் கடைசியிலும் இதே கதை, கடைசித் தலை பக்கவாட்டில் சாய்ந்து மறைந்து நிற்கும், பிள்ளை “முடிஞ்சிட்டு மாமி” என்று திருப்பிவிடும்.

இதற்கு மருந்து ஊக்கு. சேலைக்குக் குத்துகிற சாதாரண ஊக்குதான். ஒவ்வொரு வரியிலும் முதல் தையல் போட்ட உடனே அதன் தலையில் ஒரு ஊக்கு மாட்டச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அந்த ஊக்கு இருக்கிற இடம்தான் கடைசித் தையல், ஊக்கைக் கழற்றிவிட்டு அங்கே குத்தாமல் வரி முடியாது. கடைசித் தையலுக்கும் இன்னொரு ஊக்கு. இரண்டு ஊக்கும் வரிக்கு வரி மேலே ஏறிக்கொண்டே போகட்டும். பக்கத்தில் ஒரு தாளில் வரி எண்ணும் தையல் எண்ணிக்கையும் பிள்ளையே பென்சிலால் எழுதட்டும். கணக்கு என்றால் ஓடுகிற பிள்ளையும் இதை எழுதும், எழுதுவது அதற்கு விளையாட்டு.

டபுளில் திரும்பும்போது மூன்று செயின் போட்டு அதையே முதல் தையலாகக் கணக்கு வைத்து, முதல் தலையை விட்டுவிட்டு இரண்டாவதில் தொடங்கி, வரி முடிவில் போன வரியின் மூன்று செயின் உச்சியில் குத்தி முடிப்பதுதான் புத்தக முறை. சொல்லிப் பார்த்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. பிள்ளைகளுக்கு நான் வேறு மாதிரிச் சொல்வேன்: இரண்டு செயின் போடு, அதைக் கணக்கில் சேர்க்காதே, முதல் தலையிலேயே டபுள் போடு, கடைசித் தலையில் முடி, செயின் உச்சியைத் தொடவே தொடாதே. முதல் வரியிலும் இதே கணக்குதான்: 17 செயினில் மூன்றாவதில் முதல் டபுள், விட்டுப்போன இரண்டு செயின் கணக்கில்லை. ஓரம் கொஞ்சம் புடைத்திருக்கும், எண்ணிக்கை தப்பாது. எண்ணிக்கை பழகின பிறகு புத்தக முறைக்கு வந்துகொள்ளலாம்.

துணி விரிந்துகொண்டே போனால் இதற்கு நேர் எதிர். திரும்பும் செயினிலும் குத்துகிறது, அல்லது ஒரே தலையில் இரண்டு தடவை. அதே ஊக்குதான் இதற்கும்.

சரி, இப்போது பத்து வரி போன பிறகு கண்டுபிடித்திருக்கிறோம், என்ன செய்வது? கீழேயிருந்து வரி வரியாக எண்ணிப் போய்த் தப்பு நடந்த வரியைக் கண்டுபிடியுங்கள், பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கள்ளனைப் பிடிக்கிற சந்தோஷம் அதற்கு. கண்டுபிடித்த பிறகு, அது பிள்ளையின் முதல் துணி என்றால் பிரிக்காதீர்கள். மேல் வரியில் ஒரு தலையில் இரண்டு தையல் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டிக்கொண்டு போகலாம், இடுப்பு ஒடுங்கின சதுரமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது மூன்றாவது துணி என்றால் பிரிக்கலாமா வேண்டாமா என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிரிப்பதென்றால் அதுவே இழுக்கட்டும். பெரியவர்கள் கையால் சர்ரென்று இழுத்துப் பிரித்தால் பிள்ளையின் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காது.

“வட்டம் தொப்பியா ஆயிட்டு”

வட்டத்துக்கு முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள், பிறகு கையைப் பாருங்கள். சிங்கிளில் முதல் சுற்று 6, பிறகு சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட வேண்டும்: 12, 18, 24, 30. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு தலையிலும் இரண்டிரண்டு, மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, நாலாம் சுற்றில் இரண்டு விட்டு ஒன்றில் இரண்டு, நடுவில் விட்டவற்றில் ஒற்றைத் தையல், இப்படியே போகும். டபுள் என்றால் 12-ல் தொடங்கி 12 பன்னிரண்டாகக் கூட்டுங்கள்.

நாலாம் சுற்றில் எண்ணினால் 20 தான் இருக்கிறது, அதனால் கிண்ணமாகக் குழிந்திருக்கிறது என்றால் கூட்ட மறந்திருக்கிறது. 24 சரியாக இருந்தும் குழிகிறது என்றால் கை இறுகியிருக்கிறது, ஊசியை அரை மி.மீ. பெரிதாக்குங்கள். ஓரம் கொசுவம் வைத்த மாதிரி அலை அலையாக நின்றால் கூடுதலாகக் கூட்டியிருக்கிறது. சுற்று எங்கே தொடங்கியது என்று தெரியாமல் பின்னிக்கொண்டே போவதுதான் இதெல்லாவற்றுக்கும் மூலம், ஆகவே இங்கேயும் சுற்றின் முதல் தையலில் ஊக்கு.

குழிந்துபோனதை வீணாக்க வேண்டாம். கூட்டாமல் இன்னும் நாலு சுற்று போட்டால் பொம்மைக்குத் தொப்பி.

“பாட்டி ஒண்ணு சொல்லுது, வீடியோ வேற சொல்லுது”

இரண்டு பேரும் சொல்வது சரிதான். யூடியூபில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர், பழைய புத்தகங்களில் பிரிட்டிஷ் பெயர். அமெரிக்கக்காரர் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ்காரர் டபுள் என்பார், அமெரிக்க டபுள் பிரிட்டிஷாருக்கு ட்ரெபிள். வீடியோவைப் பார்த்து ஒரு வரி, பாட்டி புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி என்று பின்னினால் ஒரு வரி குட்டையாக ஒரு வரி நெட்டையாக வரத்தான் செய்யும். பெயரை விட்டுவிட்டு ஊசியைப் பார்க்கச் சொல்லுங்கள்: தலைக்குள் குத்துவதற்கு முன்னால் ஊசியில் நூல் சுற்றுகிறார்களா? சுற்றாமல் குத்தி இரண்டு கண்ணியாக்கி ஒரே இழுப்பில் முடித்தால் அது அமெரிக்க சிங்கிள். ஒரு சுற்று சுற்றிக் குத்தி, இரண்டு இரண்டாக இரண்டு தடவை இழுத்தால் அமெரிக்க டபுள். இந்தக் கட்டுரையில் நான் சொல்வதெல்லாம் அமெரிக்கக் கணக்கு.

“எனக்கு இடக்கைதான் வருது”

வரட்டும். சோறு தின்கிற கை, எழுதுகிற கை என்று வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவுக்குச் சொல்லியிருப்பார்கள், இங்கேயும் வேண்டாம். இடக்கைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைக்காமல் உங்களுக்கு எதிரே முகம் பார்க்க உட்காரவைத்தால் உங்கள் வலக்கை அதற்குக் கண்ணாடியில் தெரிகிற கை, அப்படியே பார்த்துச் செய்யலாம். வீடியோ என்றால் எடிட்டிங் ஆப்பில் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுக் கொடுங்கள். எழுத்தில் இருக்கும் குறிப்பு மாறாது, எண்ணிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான். வரி இடமிருந்து வலமாகப் போகும், சுற்று எதிர்ப்பக்கமாகச் சுற்றும், அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்துப் பிள்ளையின் துணியோடு ஒப்பிட்டு “நீ தலைகீழாப் பின்னுற” என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

“கை வலிக்கு”, “நூல் ஓடவே மாட்டேங்கு”

இரண்டும் ஒன்றாகத்தான் வரும். ஏப்ரல், மே புழுக்கத்தில் கை வியர்க்கும், வியர்த்த கையில் அக்ரிலிக் உல்லன் ஒட்டும், பிளாஸ்டிக் ஊசி என்றால் இன்னும் மோசம், கிரீச் கிரீச் என்று சத்தம்கூட வரும். நூல் ஓடவில்லை என்று பிள்ளை ஊசியை இன்னும் அழுத்திப் பிடிக்கும், வலி வரும். அலுமினிய ஊசிக்கு மாறுங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு உள்ளங்கையில் கொஞ்சம் பவுடர். மழைக்காலத்திலும் இதே பாடுதான், நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, இரண்டிலும் காற்று ஈரமாக இருக்கும், நூலை மூடிய டப்பாவில் வையுங்கள்.

பென்சில் பிடிக்கிற மாதிரி பிடிக்கலாம், கத்தி பிடிக்கிற மாதிரியும் பிடிக்கலாம், எது வலிக்கவில்லையோ அது. ஒரு தடவைக்கு கால் மணி நேரம் போதும். நேந்திரங்காய் சிப்ஸ் தட்டு பக்கத்தில் இருந்தால் அதை முதலில் அப்புறப்படுத்துங்கள், வெளிர் நூலில் எண்ணெய் விரல் பட்டால் பிறகு லேசில் போகாது.

“நூல் சிக்கிட்டு”

உருண்டையைத் தரையில் விட்டால் அது கட்டிலுக்கு அடியில் போகும், பூனை இருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மூடி போட்ட பனையோலைப் பெட்டிக்குள் உருண்டையை வைத்து, மூடி இடுக்கு வழியாக நூலை வெளியே விட்டால் அழகாக ஓடி வரும். சிக்கலை எடுக்கும்போது இழுக்கக் கூடாது, நாலு பக்கமும் தளர்த்தித் தளர்த்தி விரிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் வரவில்லை என்றால் கத்தரியால் வெட்டிவிட்டுப் புது நூலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உல்லன் நூல் விலைக்கு அதோடு மல்லுக்கட்டி ஒரு சாயங்காலத்தைத் தொலைப்பது கட்டாது.

“இது பொம்பளப் பிள்ளைங்க வேலை”

கடற்கரையில் வலை பின்னுகிறது யார் என்று கேளுங்கள். பதில் வராது, ஊசியை நீட்டுங்கள்.

“எனக்கு வேண்டாம், போதும்”

பெரும்பாலும் எடுத்த வேலை பெரிசு. அம்மா ஆசைக்கு மஃப்ளரோ ஷாலோ தொடங்கியிருப்பார்கள், பிள்ளைக்கு அது முடியவே முடியாத ஒன்று. முதல் உருப்படி ஒரே உட்காரலில் முடிய வேண்டும். கையில் கட்டுகிற பேண்டு வெறும் செயின்தான், 30 கண்ணி இருந்தால் சின்னக் கைக்குச் சுற்றி முடிச்சுப் போட ஏறக்குறையக் காணும், கையைச் சுற்றி அளந்து பார்த்துக்கொள்ளட்டும். அடுத்தது புத்தகத்தில் வைக்கிற அடையாளப் பட்டை, நாலு சிங்கிள் அகலத்தில் ஒரு சாண். அப்புறம் ஐந்து இதழ்ப் பூ: 6 செயினை வளையமாகச் சேர்த்து, வளையத்துக்குள் ஒரு சிங்கிள், மூன்று டபுள், ஒரு சிங்கிள் என்று ஒரு இதழ், அப்படி ஐந்து. பின்னால் கிளிப் ஒட்டினால் தலைக்கு ஆயிற்று. டிசம்பர் நெருங்கும்போது எந்த மதத்துப் பிள்ளையாக இருந்தாலும் குடிலுக்குத் தொங்கவிட நட்சத்திரம் கேட்கும், இந்த மாவட்டத்தில் அப்படித்தான், தெருவெல்லாம் ஸ்டார் தொங்கும்போது அதற்கும் கை துறுதுறுக்கும். ஐந்து இதழ்ப் பூவின் ஒவ்வொரு இதழ் நடுவிலும் இரண்டு செயின் போட்டு முனையாக்கினால் அதுவே நட்சத்திரம், புதிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சிறிய உருப்படி கொடுத்தும் வேண்டாம் என்கிறதா, விட்டுவிடுங்கள். ஊசியில் இருக்கும் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்திப் பூட்டி, ஊசியை உருவி, துணியோடு டப்பாவில் வையுங்கள். ஊசியோடு அப்படியே வைத்தால் கண்ணி நழுவிப் பாதி பிரிந்து கிடக்கும், பிறகு எடுத்துப் பார்க்கிற பிள்ளை மறுபடியும் மூடி வைத்துவிடும்.

“துவைச்சதும் பிரிஞ்சிட்டு”

நுனி நூலைக் குட்டையாக வெட்டியிருக்கிறார்கள். முடிக்கும்போது ஒரு சாண் நூலாவது விட்டு வெட்டி, அதைக் கடைசிக் கண்ணி வழியாக முழுசாக இழுத்து எடுக்க வேண்டும், இங்கே மட்டும் இறுக்கலாம், சந்தோஷமாக இறுக்கலாம். பிறகு மழுங்கின முனையுள்ள பெரிய காதுள்ள ஊசியில் அந்த நூலைக் கோத்துத் தையல்களுக்கு அடியில் ஒரு பக்கமாக இரண்டு அங்குலம், திரும்பி எதிர்ப்பக்கம் இரண்டு அங்குலம், மறுபடியும் ஒரு தடவை. ஒரே திசையில் மட்டும் விட்டால் துவைக்கும்போது உருவிக்கொண்டு வரும். பொம்மை செய்து கண்ணுக்கு மணியோ பொத்தானோ வைத்திருந்தால் மூன்று வயசுக்குக் கீழுள்ள தம்பி தங்கை கையில் அதைக் கொடுக்காதீர்கள், கண்ணை நூலாலேயே தைத்துவிடுவது நல்லது. அக்ரிலிக் துணியைச் சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, பிழிந்து முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். ஓரம் சுருண்டிருக்கிறது என்று பிள்ளை இஸ்திரிப் பெட்டியை எடுக்கும், வாங்கி வைத்துவிடுங்கள், அக்ரிலிக் சூட்டில் பளபளவென்று செத்துப்போய்த் தொங்கும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது.